பதினெட்டு மில்லிமீட்டர்

அன்புள்ள மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, சின்னவள் படித்துக் காட்டினாள். உன் மாமியார் வந்து கூட இருப்பது கேட்டு சந்தோஷம். அவர் வைக்கிற சூப் போல நீ இதுவரை எங்கும் குடித்ததே இல்லை என்று எழுதியிருந்தாய், நல்லது, இருபத்து நாலு வருஷம் என் கையால் குடித்ததும் சூப்தான், அது ஞாபகம் இருந்தால் சரி. ராத்திரியில் அவர் உன் காலைப் பிடித்துவிடுகிறார் என்றும் எழுதியிருந்தாய். கால் பிடித்துவிட எனக்கும் தெரியும், உனக்குத் தெரியாததா. பிஸ்கட் கம்பெனியில் புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறார், பேக்கிங் செக்‌ஷனில் பேசவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார், ஆனாலும் கண்ணாடிக்கார அக்கா டப்பா ஒட்டிக்கொண்டே, மக மாசமா இருக்காளே, நீ போகலையா என்று கேட்டாள். அங்க ராஜ உபசாரம் நடக்குது, நான் எதுக்கு நடுவுல என்று சொல்லிவிட்டேன். மளிகைக் கடை ஃபோன் ரோடு தோண்டினதிலிருந்து ஊமையாகக் கிடக்கிறது, நீ கூப்பிட்டாலும் மணி அடிக்காது, அதனால் எதுவானாலும் கடிதத்தில் எழுது. சின்னவளுக்குக் கையெழுத்துப் போட்டியில் பள்ளிக்கூடத்திலேயே முதல் பரிசு, வருகிற புதன்கிழமை கொடுக்கிறார்கள், அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். உனக்கு ஒன்பதாம் மாதம் நெருங்கும்போது, அதுவும் உங்கள் வீட்டில் எனக்குப் படுக்க ஒரு இடம் மிச்சமிருந்தால், எழுது, வருகிறேன்.

அக்கா, இதுவரைக்கும் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இதற்கு மேல் நான். அம்மா தூங்கிவிட்டாள், நாளைக்கு அவளுக்கு ஆறு மணி ஷிப்ட். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், நாற்காலியை இழுத்தால் சத்தம் கேட்கும். கடைசித் தாளின் அடியில் அம்மாவின் கையெழுத்து இருக்கும், பார்த்துவிட்டுக் குழம்பாதே. நீ கல்யாணமாகிப் போன இந்த நாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது, உனக்குத்தான் தெரியாது. அம்மாவுக்கு எழுத வருவது அந்த ஒரு கையெழுத்து மட்டும்தானே, அதைப் போடவே அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், தூக்கம் வந்தால் கை கோணும் என்று வெறும் தாளிலேயே முதலில் போட்டுவிடுவாள். பிறகு பாதி சொல்வாள், பாதியில் கொட்டாவி விட்டு, மிச்சத்துக்கு நீயே ஏதாவது புத்திமதி எழுதி ரொப்பிடு, நான் என்ன சொல்வேன்னு உனக்குத்தான் தெரியுமே என்று படுக்கப் போய்விடுவாள். நான் ரொப்புவேன். போன வருஷம் உனக்கு வேலை போய்விடும் போல இருந்தபோது, எல்லாரும் உன்னைக் கைவிட்டாலும் நம் வீட்டு வாசல் விளக்கை நான் அணைக்க மாட்டேன் என்று அம்மா எழுதியிருந்தாள் இல்லையா, அந்தத் துண்டைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன், தினமும் எடுத்துப் பார்க்கிறேன் என்று பதில் போட்டாயே, அது அம்மா சொன்னது இல்லை அக்கா. நான் எழுதியது. அன்றைக்கு அம்மா சொன்னது, அந்த முதலாளி நாசமாப் போவான்னு எழுது, அவ்வளவுதான். உன் பதிலை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இவ்வளவு நல்லாவா சொன்னேன் என்று கேட்டாள், ஆமாம் என்றேன். நீ அவளைக் கொண்டாடினாய், அவள் உன்னை நினைத்து அழுதாள், நடுவில் நான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

அதைச் சொல்லிக் காட்டத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அதற்கும்தான். ஆனால் மூன்று நாளுக்கு முன் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உன் கடிதத்தில் இரண்டு தாள் இருந்தது. அம்மாவுக்கு நான் முதல் தாளை மட்டும்தான் படித்தேன். சூப், கால் பிடித்தது, மாமியார் வந்தது, அத்தானுக்கு ராத்திரி ஷிப்ட் மாறியது, அதோடு முடிந்தது என்று மடித்துவிட்டேன். இரண்டாம் தாளை அம்மா கை கழுவிவிட்டு வருவதற்குள் என் அட்லஸுக்குள் வைத்துவிட்டேன். அதற்குள் மடித்திருந்த ஸ்கேன் படத்தையும்தான்.

ஏன் என்று கேட்பாய். அந்தத் தாளை நான் முதலில் மனதுக்குள் ஓட்டிப் படித்தேன், எப்போதும் அப்படிப் பார்த்துக்கொண்டுதான் சத்தமாகப் படிப்பேன். நீ வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிட்டு முடித்து, சாப்பாட்டு நேரத்தில் டாக்டரம்மா உன்னையே படுக்க வைத்துப் பார்த்ததை எழுதியிருந்தாய். பிள்ளை நன்றாக இருக்கிறது, கை கால் முதுகெலும்பு எல்லாம் சரி, ஆனால் கர்ப்பப்பை வாயின் நீளத்தை உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் அளந்தபோது, எப்போதும் உன்னிடம் கிண்டல் பேசுகிற டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டார், திரையில் இரண்டு சின்னப் பெருக்கல் குறி வைத்து நடுவில் புள்ளிக்கோடு போட்டு மூன்று தரம் அளந்தார், மூன்றிலும் சின்னதைத்தான் எழுதுவார்கள், பதினெட்டு மில்லிமீட்டர் என்று எழுதினார் என்றாய். தினமும் நூறு பேருடைய ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கிறவள், உன் ரிப்போர்ட்டைக் கவரில் போட உனக்குக் கை வரவில்லை என்றாய். முன்னாலேயே பிறந்துவிடும் என்று அர்த்தமில்லை, பிறக்க வாய்ப்பு அதிகம், அதைத்தான் இந்த அளவு முன்கூட்டிச் சொல்கிறது, ராத்திரியில் வைத்துக்கொள்ள மருந்து கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளப்பார்கள், இன்னும் குறைந்திருந்தால் தையல் போடுவார்கள் என்றாய். இதுவரை படித்தபோது எனக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த வரி. அம்மா, மாமியார் ஞாயிற்றுக்கிழமை சின்ன மகள் வீட்டுக்குப் போகிறார், அவருக்கும் அங்கே வேலை இருக்கிறது, எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, சில்வண்டைத் தையல்கார அக்கா வீட்டில் விட்டுவிட்டு நீ உடனே வா.

என்னை விட்டுவிட்டு வா என்று எழுதியிருந்தாய். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவதுபோல. புதன்கிழமை எனக்குப் பரிசு, அது உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. உன்னுடைய ஓட்டப்பந்தயத்துக்கு அம்மா வந்தாள், நீ பாட்டுப் பாடினதற்கு வந்தாள், உன் பள்ளிக்கூடத்துக் கடைசி நாளில் அழுதுகொண்டே வந்தாள், என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தாள், அதனால் நானும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். என்னுடையதற்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஷிப்ட், லீவு இல்லை, உனக்குப் பணம் கட்ட ஓவர்டைம். இந்தத் தடவை அவளாகவே அரைநாள் லீவு சொன்னாள், என்ன புடவை கட்டட்டும் என்று என்னிடம் கேட்டாள். கையெழுத்துக்குப் பரிசு அக்கா, உனக்கு எழுதி எழுதி வந்த கையெழுத்து. அம்மா அந்தத் தாளைக் கேட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவாள், எனக்கு நன்றாகத் தெரியும். புதன்கிழமை வரைக்கும்தானே, வியாழக்கிழமை காலையில் அட்லஸிலிருந்து எடுத்துப் படித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பதே நாள்.

அன்று ராத்திரி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். விசிறி மாதிரி கறுப்பு வெள்ளையாக, மழை பெய்கிற டிவி மாதிரி இருந்தது, பிள்ளை எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பதினெட்டு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தேன். என் யூனிஃபார்ம் கோட்டின் மேல் பொத்தானைக் குறுக்கே அளந்தால் சரியாக அவ்வளவு. இவ்வளவு இருக்கிறதே, இதற்கா இந்த ஆர்ப்பாட்டம், சின்ன வயதில் கால் இடறினாலே கால் ஒடிந்தது போலக் கத்துவாளே, அதே அக்காதான் என்று நினைத்தேன். நினைத்ததைத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

அந்தப் பக்கம் அம்மாவைப் பார்க்கவும் முடியவில்லை. முதல் தாளைக் கேட்டதிலிருந்து அவள் வேறு மாதிரி ஆகிவிட்டாள். மேல் தட்டில் கிடந்த பெரிய சூப் பாத்திரத்தை இறக்கி, உள்ளே முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தாள். அன்றைக்கே சூப் வைத்தாள். எப்படி இருக்கு என்றாள். நல்லா இருக்கும்மா என்றேன். நல்லா இருக்குன்னா எப்படி நல்லா இருக்கு, மத்தவங்க வைக்கிறதவிட நல்லா இருக்கா என்றாள். இந்த உலகத்துலயே நல்லா இருக்கு என்றேன். நீ சொல்லி என்ன, அவ சொல்ல மாட்டேங்கிறாளே என்று சொல்லிவிட்டு என் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நான் பாதிகூடக் குடிக்கவில்லை. அக்கா, உன் மாமியார் மேல் அம்மாவுக்கு எவ்வளவு பொறாமை என்று நேரில் பார்த்தால் சிரித்துவிடுவாய். நான் சிரிக்கவில்லை. நீ அவளை வா என்று கூப்பிட்ட தாள் என் அட்லஸில் இருக்க, மக கூப்பிடவே இல்லையே என்று அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் சொல்லி எழுதியதில் இருக்கிற குத்தல் எல்லாம் அதனால் வந்தது. ஒரு வரியையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்திருந்தார், குண்டாக, மூக்குத் தண்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அடுத்தது, அடுத்தது என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது எழுத்தெல்லாம் படித்துவிட்டு, எழுந்திருக்காமல் கேட்டுவிட்டேன். சிஸ்டர், கர்ப்பப்பை வாய் பதினெட்டு மில்லிமீட்டர்னா கம்மியா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், எனக்குக் காது சூடாகிவிட்டது. எனக்கில்ல சிஸ்டர், எங்க அக்காவுக்கு என்றேன். எத்தனை வாரம் என்றார். இருபத்திரண்டு என்றேன். அடுத்தவளைக் கொஞ்சம் நில்லு என்று நிறுத்திவிட்டார். இருபத்தஞ்சுக்குக் கீழ போனாலே நாங்க கண்ணுல வெளக்கெண்ண விட்டுப் பாப்போம், பதினெட்டு கம்மிதான் கண்ணு, ஆனா பயந்துக்க வேண்டாம், முன்னாடியே அளந்து கண்டுபிடிச்சது நல்ல நேரம், மருந்து இருக்கு, நிறைய பேருக்கு மாசம் முழுசா ஓடிடும் என்றார். படுத்தே கிடக்கணுமா என்றேன். அப்படியெல்லாம் இல்ல, ஆனா பாரம் தூக்கக் கூடாது, தனியா இருக்கவே கூடாது, அடிவயிறு இறுக்கிப் பிடிச்சாலும் தண்ணி மாதிரி போனாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓட ஆள் வேணும், இந்த வாரத்துல பொறந்தா பொழைக்க வைக்கறது ரொம்பக் கஷ்டம், ஒவ்வொரு வாரம் தள்ளறதும் தங்கம் என்றார். அப்புறம் கேட்டார் அக்கா, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார், உங்க அம்மா கூட இருக்காங்கல்ல?

இருக்காங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பாடமும் காதில் விழவில்லை. கோட்டுப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் போய்விடுவார், அத்தானுக்கு ராத்திரி ஷிப்ட், நீ அந்த வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, இரண்டாம் மாடி, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவார்கள், அம்மா ஏன் வரவில்லை, ஏன் பதிலும் இல்லை என்று கதவையே பார்த்துக்கொண்டு இருப்பாய். அம்மா உனக்கு மட்டும் அம்மா என்று எனக்கு ஆத்திரம். ஆனால் நீ கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பதை நினைத்தால் அந்த ஆத்திரம் போய்விடவில்லை, பயம் வந்து அதன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டும் இருக்கிறது. இன்றைக்குச் சாயந்திரமே சொல்லிவிடலாம் என்று வந்தேன், அம்மா தாளையும் பேனாவையும் எடுத்துப் போட்டு, வா உங்கக்காவுக்கு எழுதலாம் என்றாள், கையெழுத்தும் போட்டுவிட்டாள். ஒன்பதாம் மாதம் வருகிறேன் என்று சொன்னபோது என் கை அதை எழுதிவிட்டது. இந்தக் கடிதம் தபாலில் உன்னிடம் வந்து சேர நாலு நாள் ஆகும். எழுதிக்கொண்டிருந்தால் பிரயோசனம் இல்லை. அம்மாவை எழுப்பப் போகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், முதல் பரிசு எழுத்து இதுதான்.

எழுப்பிவிட்டேன் அக்கா. திரும்ப வந்து எழுதுகிறேன். இப்போது கதவைச் சாத்தவில்லை, விளக்கெல்லாம் போட்டிருக்கிறது. முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அம்மா நாளை வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸில் கிளம்புகிறாள், சனிக்கிழமை விடிவதற்குள் உன் வீட்டு வாசலில் இருப்பாள். அம்மாவைத் தொட்டு எழுப்பி, உன் இரண்டாம் தாளை முழுக்கப் படித்தேன், ஒரு வரி விடவில்லை, விட்டுவிட்டு வா என்பதையும் படித்தேன். அம்மா படத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், இதுல எங்க அளந்தாங்க என்றாள், இரண்டு பெருக்கல் குறியைக் காட்டினேன், இவ்வளவுதானா என்றாள், என் கோட்டுப் பொத்தானைக் காட்டினேன். அப்போதுதான் அவள் கேட்டாள், இது எப்ப வந்துச்சு என்று.

முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்தேன். கவருக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா, இப்பதான் பார்த்தேன் என்று வந்துவிட்டது. அம்மா என் தலையைப் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். நல்லவேளை பார்த்தியே என் தங்கமே, நீ மட்டும் பார்க்காம இருந்தா என்ன ஆகியிருக்கும், உன்னாலதான் என்றாள். எத்தனை நாளாக அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன், உனக்குத் தெரியுமா. அவள் சொன்னபோது எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. பிறகு அவளே, பார்த்தியா, அவ என்னைத்தான் கூப்பிட்டிருக்கா, அந்தம்மாகிட்ட பயத்தைச் சொல்ல முடியலையாம், என்கிட்டதான் சொல்றா என்று சொல்லிச் சொல்லி அழுதாள், நடுவில் கொஞ்சம் சிரித்தாள். தையல்கார அக்காவைக் கதவைத் தட்டி எழுப்பி, பத்து நாளோ இருபது நாளோ இவ உங்ககூடப் படுத்துக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். கண்ணாடிக்கார அக்காவிடம் லீவு சொல்லும் வேலை எனக்கு. பைக்குள் இரண்டு புடவை, உடைந்த பிஸ்கட் ஒரு பொட்டலம், அதோடு அந்தப் பெரிய சூப் பாத்திரத்தையும் திணித்துக்கொண்டிருக்கிறாள். அங்க பாத்திரம் இல்லாமலா இருக்கும் என்றேன். இருக்கட்டும், என் பாத்திரத்துல வெச்சாத்தான் என் சூப்பு என்றாள். சனி ஞாயிறு இரண்டு நாள் உன் மாமியாரும் இருப்பார் அல்லவா, இரண்டு சூப்பையும் நீ குடிக்க வேண்டியிருக்கும், ஜாக்கிரதை.

புதன்கிழமையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பரிசை நானே போய் வாங்கிக்கொள்வேன். தையல்கார அக்கா வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன், பிறகு சரி வாங்க என்றேன். இப்போதும் எனக்கு உன் மேல் பொறாமைதான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன், நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் ஒருத்தி பாத்திரத்தோடு கிளம்புகிறாள். ஆனால் உன் பிள்ளை இப்போது வர வேண்டாம். அவனோ அவளோ, மெதுவாக வரட்டும், ஒவ்வொரு வாரமாகத் தள்ளித் தள்ளி வரட்டும். அடுத்த ஸ்கேனில் என்ன அளவு என்று எனக்கு எழுது, அட்லஸின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கிறேன்.

அம்மா இப்போது பக்கத்தில் வந்து நின்றாள், இவ்வளவா எழுதிட்டே, புத்திமதி எல்லாம் போட்டியா என்றாள். போட்டேன் என்றேன். பாரம் தூக்காதேன்னு போட்டியா, மருந்தை மறக்காதேன்னு போட்டியா, என் ஆசீர்வாதம் போட்டியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அதனால் போடுகிறேன். பாரம் தூக்காதே. ராத்திரி மருந்தை மறக்காதே. வயிறு இறுக்கினால் வெட்கப்படாமல் எழுப்பு, அம்மா பக்கத்திலேயே படுத்திருப்பாள். நீயும் உன் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இது அம்மாவின் ஆசீர்வாதம், அவள் வாயால் சொன்னது, நான் ரொப்பியது இல்லை.

இந்தக் கடிதம் தபாலில் வராது. அம்மா கையில்தான் வருகிறது. பகலும் ராத்திரியும் பஸ்ஸில் இதை மடியில் வைத்துக்கொண்டு வருவாள், தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்ததும், சின்னவ என்ன எழுதியிருக்கா, படி என்று உன்னிடம் கொடுப்பாள். மறக்காமல் ஒன்று செய் அக்கா. நேரில் என்னால் சொல்ல முடியவில்லை. நீ சத்தமாகப் படி. அட்லஸையும் படி, ஒன்பது நாளையும் படி, கவரில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொன்ன பொய்யையும் படி. என் மேல் இரக்கப்பட்டு ஒரு வரியைக்கூட விட்டுவிடாதே.

இப்படிக்கு,
சில்வண்டு (எழுதியது முழுக்க நான்)

இதற்குக் கீழே இருப்பது மட்டும் அவளுடையது,
உன் அம்மா